வாழ்த்துரைகள் போக மிச்சம்

ஞானகுமாரி எழுதிய புத்தகத்துக்கு 'ஆறேகால் வேன்' என்று பெயர். காலை ஆறேகாலுக்கு வேப்பம்பட்டில் கிளம்பி, திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி என்று வழியெல்லாம் பெண்களைப் பொறுக்கிக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனி வாசலில் கொட்டிவிட்டு வரும் வேன் அது. அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ஞானகுமாரி வேப்பம்பட்டில் வீட்டோடு இருந்து ஜாக்கெட் தைக்கிறாள். தைத்த நேரம் போக, வேனில் கூட வந்த பெண்களைப் பற்றி ஆளுக்கு ஓர் அத்தியாயம் எழுதினாள். வேனில் ஏறிய வரிசைதான் புத்தகத்திலும் வரிசை. முதலில் ஏறியவள் அவளே என்பதால் முதல் அத்தியாயம் அவளுடையது. கடைசியாகத் திருமுல்லைவாயலில் ஏறுகிற லோகநாயகிக்குக் கடைசி அத்தியாயம்.

உண்மையைச் சொன்னால், புத்தகமே அந்தக் கடைசி அத்தியாயத்துக்காகத்தான். மற்றவர்களெல்லாம் துணைக்கு வந்தவர்கள்.

லோகநாயகியை அந்தக் கம்பெனி திருடி என்று சொல்லி வெளியே அனுப்பியது. அவள் பையில் இருந்தது ஒரு குழந்தை கவுன். தையல் கோணலாக விழுந்து கழித்துப்போட்ட பீஸ். அதை அவளுக்குக் கொடுத்தது ஃப்ளோர் இன்சார்ஜ்தான். "பொண்ணு முழுகாம இருக்குன்னியே, பொறக்கிறதுக்குப் போடு" என்று அவரே மடித்துப் பையில் வைத்தார். சாயந்திரம் கேட்டில் பையைத் திறந்து பார்த்தபோது அதே இன்சார்ஜ், "நான் எப்பக் குடுத்தேன்?" என்று ஆகாயத்தைப் பார்த்தார். ஞானகுமாரி அப்போதே மனிதவள மேலாளர் வரதனின் அறைக்குப் போய், "சார், அவர் குடுத்ததை நான் பார்த்தேன்" என்றாள். அவர் நிமிராமலே, "உன்னை யாரும்மா கேட்டா?" என்றார். கேட்க யாரும் இல்லைதான். லோகநாயகியிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால் வேலைதான் போயிற்று என்று இருந்திருக்கலாம். லோகநாயகியின் மகள் ஜோதிகாவைக் கட்டிக்கொடுத்திருந்தது நூம்பலில். அவள் மாமியார் வேம்புலியம்மாளின் தம்பி அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தான். லோகநாயகி வீடு போய்ச் சேருமுன் செய்தி நூம்பல் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து மகளைப் பார்க்க அவள் போகும்போதெல்லாம் வேம்புலியம்மாள் வாசலிலேயே சிரித்த முகமாக, "வாங்க சம்மந்தி, பையில இன்னா கீது?" என்பாள். போகும்போதும் அதே சிரிப்பு, அதே கேள்வி. பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கேள்வி மாறவில்லை.

"பையே எடுத்துக்கினு போறதில்லடி இப்பல்லாம்" என்றாள் லோகநாயகி ஒருமுறை. "வெறுங்கையோட போனா, இன்னா சம்மந்தி கொழந்தைக்கு ஒண்ணும் வாங்கியாரலையான்றா."

அன்றுதான் ஞானகுமாரி எழுத ஆரம்பித்தாள். புத்தகத்தில் எழுதிவிட்டால் யாரும் குறுக்கே வந்து உன்னை யார் கேட்டது என்று சொல்ல முடியாது என்பது அவள் எண்ணம். பத்தாவது வரை படித்தவள்; இதைவிட நல்ல எண்ணம் எங்கிருந்து வரும்?

எழுதுவது அவள் நினைத்ததுபோல் இல்லை. கவுன் அளவுக்கு இருந்த விஷயம் எழுதினால் கர்ச்சீப் அளவுக்குச் சுருங்கியது. கோபமாக எழுதினால் கட்சி நோட்டீஸ் மாதிரி வந்தது. அழுது எழுதினால் ஜெபக்கூட்டத்துச் சாட்சி மாதிரி வந்தது. அழித்தாள். செல்போனில் கட்டைவிரலால் தமிழ் தட்டப் பழகினாள். ஊசி பிடித்துக் காய்த்த விரல் எந்த எழுத்தைத் தொட்டாலும் பக்கத்து எழுத்துதான் விழுந்தது. அவள் புருஷன் ஜாபஸ் ஏசி மெக்கானிக். ஊர் முழுக்க ஏசி மாட்டிவிட்டு வந்து சொந்த வீட்டில் ஃபேனுக்கு அடியில் படுப்பவர். அவர் செய்த இலக்கிய உதவி ஒன்றே ஒன்று.

"ஏம்மே, இத்தினி தடவ அழிக்கிறதுக்கு எழுதாமயே இருந்துக்கலாமில்ல?"

கடைசி அத்தியாயத்தை முடித்த அன்று திருமுல்லைவாயலுக்குப் போய் லோகநாயகியிடம் படித்துக் காட்டினாள். லோகநாயகி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பாதியில் கீரை ஆய்வது நின்றுவிட்டது.

"இத்த அப்டியே அச்சுல போடுவாங்களா?"

"போடுவாங்கக்கா."

"இன்சார்ஜ் பேரு, அந்த ஆபீசர் பேரு, எல்லாம்?"

"எல்லாம்."

"அப்ப சம்மந்திய இட்டாந்து குந்த வச்சு அவ வாயாலயே படிக்க வைக்கணும்டி. எட்டாவது படிச்சேன் எட்டாவது படிச்சேன்னு பீத்திக்கினு கீறா இல்ல? படிக்கட்டும்."

பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். ஒரு பதிப்பகம் ஒரு வருஷம் கழித்து, 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போட்டது. இன்னொன்று அதைக்கூடப் போடவில்லை. நாமே அச்சடித்துக்கொள்ளலாம் என்று இறங்கி, யாரோ ஒரு புண்ணியவான் போட்ட வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பக்கம் வடிவமைக்கக் கற்றாள். பழைய லேப்டாப்பில் ராத்திரி பகலாக உட்கார்ந்து வடிவமைத்த பக்கங்களை ஆவடியில் அச்சகம் வைத்திருக்கும் தமிழரசுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் திறந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான்.

"நல்லாப் பண்ணிக்கிறீங்க அக்கா. ஆனா இந்த எழுத்தை நம்ம மிஷினு எடுக்காது. முதல்லேர்ந்து அடிக்கணும்."

முதலிலிருந்து அடித்தார்கள். ஒவ்வொரு முறை பிழை திருத்தியபோதும் பழைய பிழைகள் விடைபெற்றுக்கொண்டு புதியவை குடிவந்தன. அதையும் தாங்கினாள். தாங்க முடியாதது இனிமேல்தான் வந்தது. அதற்குப் பெயர் சண்முகசுந்தரம்.

சண்முகசுந்தரம் ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். நகர் நலச் சங்கத் தலைவர், தேன்துளித் தமிழ்ப் பந்தலின் நிறுவனர், தலைவர், சிறப்புப் பேச்சாளர். 'செந்தமிழ்ச் சுடரொளி' என்ற பட்டம் அவருக்கு உண்டு. கொடுத்தது தேன்துளித் தமிழ்ப் பந்தல். நாவல் எழுதுவது எப்படி என்று அவர் நடத்திய பயிலரங்கத்துக்கு ஞானகுமாரி போயிருந்தாள். நாவல் ஏதும் எழுதாததால் அவரால் அதைப் பற்றி நாள் முழுக்கத் தங்குதடையின்றிப் பேச முடிந்தது. மதியம் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். அங்கே அவள் தன் புத்தகத்தைப் பற்றிச் சொல்லித் தொலைத்தாள்.

"சகோதரி! இனி இது உங்கள் நூல் அல்ல, நம் நூல்" என்றார் சண்முகசுந்தரம். பின்னால் எண்ணிப் பார்த்தபோது, அவர் சொன்னதிலேயே சுத்தமான உண்மை அதுதான் என்று ஞானகுமாரிக்குத் தோன்றியது.

அவர் மைத்துனருக்குத் திருமழிசையில் நோட்டுப் புத்தகம் செய்கிற தொழிற்கூடம் இருந்தது. அங்கே மிஞ்சிய தாளை நன்கொடையாக வாங்கிக் கொடுத்தார். சங்கத்து மண்டபத்தை வெளியீட்டு விழாவுக்கு ஒதுக்கினார். புத்தகம் முடிவதற்குள் விழாவுக்குத் தேதி குறித்து, தன் படம் பெரிதாகவும் அவள் படம் ஸ்டாம்ப் அளவிலும் போட்டு ஃப்ளெக்ஸும் கட்டியாயிற்று. தலைப்பை மட்டும் 'ஆறேகால் சிற்றுந்து' என்று மாற்றச் சொன்னார். ஞானகுமாரி முடியாது என்றாள். அவள் சொன்ன 'முடியாது' நிலைத்தது அந்த ஒருமுறைதான்.

இவ்வளவும் செய்தவரிடம் ஒரு வாழ்த்துரை கேட்காவிட்டால் மரியாதையாக இருக்காதே என்று அவளாகத்தான் கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் புத்தகம் போடுகிற எல்லோரும் செய்வதுதான். சமையல் வாசனை பார்க்கக் கதவைத் திறந்தால் பந்தியே உள்ளே வந்து உட்காரும் என்பது முதல் புத்தகம் போடுகிறவர்களுக்குத் தெரியாது.

சண்முகசுந்தரம் எழுதினால் அவர் சங்கத்துச் செயலாளர் எழுதாமல் இருக்க முடியுமா? செயலாளர் எழுதினால் பொருளாளர்? வார்டு உறுப்பினரிடம் வாங்காவிட்டால் மண்டபத்துக்குத் தண்ணீர் லாரி வராது. ஜாபஸின் சபையில் இதைக் கேள்விப்பட்ட ஆயர், "நம்ம பிள்ளை புத்தகத்துல நம்ம ஆசீர்வாதம் இல்லாமலா?" என்றார். தனியார் பள்ளித் தாளாளர் ஒருவர் எதற்கென்றே தெரியாமல் சேர்ந்துகொண்டார். ஆளுக்கு ஒரு வண்ணப்படம், படத்துக்குக் கீழே பட்டங்கள், அதற்குக் கீழே மிச்சமிருந்தால் வாழ்த்து.

இதில் ஒருவர்கூடப் புத்தகத்தைப் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை. "நீங்களே ஒரு பக்கம் எழுதிக் கொண்டாந்துடுங்கம்மா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்பதுதான் அத்தனை பேரும் சொன்னது. ஆகவே ஞானகுமாரி பகலில் ஜாக்கெட் தைத்தாள். மீதி நேரத்தில் பெரிய மனிதர்களாக மாறித் தன்னைத்தானே வாழ்த்திக்கொண்டாள். 'சகோதரி ஞானகுமாரியின் நடை தெளிந்த நீரோடை' என்று வார்டு உறுப்பினராக எழுதினாள். தாளாளராக எழுதும்போது நீரோடை தீர்ந்துபோயிருந்ததால் 'தென்றல்' என்று போட்டாள்.

"இத எழுதறது சுளுவா இருக்குதில்ல?" என்றார் ஜாபஸ் எட்டிப் பார்த்து.

இருந்தது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். லோகநாயகி அத்தியாயத்துக்கு ஒரு வரி வர நாள் கணக்காயிற்று. வாழ்த்துரை வாந்தி மாதிரி வந்தது.

தமிழரசு ஒருநாள் போன் செய்தான்.

"அக்கா, ஒரு சிக்கலு. தாளு பத்தாது. வாழ்த்துரைங்க இவ்ளோ வரும்னு நான் கணக்கு வைக்கல."

"கொஞ்சம் தாள் வாங்கிப் போட்டுக்கலாமே, தம்பி."

"இது நோட்டுக்குன்னு ஓட்டின தாளுக்கா. இந்தக் கலரு, இந்தத் தடிமன் வெளிய கெடைக்காது. வேற தாளச் சேர்த்தா கிழிஞ்ச பேண்ட்டுல ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். உள்ளேர்ந்து ஓர் அத்தியாயம் எடுத்துடுங்க."

"வாழ்த்துரைல ஒண்ணு எடுக்கக் கூடாதா?"

தமிழரசு சிரித்தான். "எந்த மூஞ்சிய எடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க. அவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லிட்டும் வந்துடுங்க."

அவள் தன் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னாள். வேப்பம்பட்டில் முதல் ஆளாக ஏறுகிறவள் இல்லாமலே வேன் கிளம்பட்டும். லோகநாயகி இருந்தால் போதும்.

விழாவுக்குச் சில நாளே இருக்கும்போது சண்முகசுந்தரம் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"சகோதரி, நற்செய்தி! பூங்காவில் என்னோடு காலையில் நடக்க வருபவர் ஒருவர். பேச்சுவாக்கில் பார்த்தால் உங்கள் பழைய கம்பெனியில் மனிதவள மேலாளராக இருந்தவராம். திரு வரதன். அந்த நிறுவனத்தைப் பற்றிய நூலில் நிறுவனத்தின் வாழ்த்து இல்லாமல் இருக்கலாமா? ஒப்புக்கொண்டுவிட்டார். வரைவை நீங்களே எழுதிவிடுங்கள்."

"ஐயா, தாள் இல்லீங்களே."

"தமிழரசுவிடம் பேசிவிட்டேன். கடைசி அத்தியாயத்தை எடுத்தால் சரியாக இருக்குமாம்."

"ஐயா, அந்த அத்தியாயத்துக்காகத்தான் புத்தகமே. வேற எதை வேணா எடுங்க."

"மற்றவையெல்லாம் அச்சாகிவிட்டன, சகோதரி. முன்பக்க வாழ்த்துரைகளும் கடைசிப் பகுதியும்தான் பாக்கி. வருந்தாதீர்கள். இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொள்வோம்."

தமிழில் முதல் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு என்பது மறுமை மாதிரி. நம்பலாம், போய்வந்தவர் யாரும் இல்லை.

தமிழரசுவிடம் ஓடினாள். "நான் இன்னா பண்றதுக்கா? தாளு அவரு மச்சானுது" என்று அவன் கையை விரித்தான். ஜாபஸ், "நான் வந்து பேசட்டா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் கழற்றினார். லோகநாயகியோ தினமும் போன் செய்துகொண்டிருந்தாள். சம்மந்தி வர ஒத்துக்கொண்டுவிட்டாள், அவளுக்காக மகள் புதுப்புடவைகூட எடுத்துவிட்டாள், எந்தப் பக்கத்தில் வருகிறது என்று சொன்னால் மடித்து வைத்துக் கொடுக்கலாம். ஞானகுமாரி "கடைசியிலக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

வரதனின் வாழ்த்துரையை எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. வரதனாக எழுதப்போவது அவள். வரதன் என்ன சொல்ல வேண்டும் என்பது அவள் கையில். 'எங்கள் நிறுவனத்தில் பெண்கள் குடும்பத்தினர்போல் நடத்தப்பட்டனர்' என்று வழக்கமான மாவைப் பிசைந்தாள். நடுவில் வைத்தாள்:

'எங்கள் ஊழியர் லோகநாயகி மீது அன்று சுமத்தப்பட்ட திருட்டுப் பழி தவறானது. அந்தத் துணி அவருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் வேலை இழந்ததை எண்ணி இன்று வருந்துகிறேன்.'

பல வருஷம் அழித்து அழித்து எழுதிய முழு அத்தியாயமும் அந்த மூன்று வரிக்குள் அடங்கியதைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் காலை பூங்காவுக்குப் போனாள். வரதன் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கையை வீசி நடந்துகொண்டிருந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை. காகிதத்தை வாங்கி, கீழேயிருந்து மேலாகப் பார்த்தார்.

"என் பேருக்குப் பின்னாடி எம்.எஸ்.டபிள்யூ விட்டுப்போச்சேம்மா."

"போட்டுடறேன் சார். உள்ள ஒருதடவ படிச்சுப் பார்த்துட்டீங்கன்னா..."

"நீங்க எழுதினா சரியா இருக்கும். சுந்தரம் ரொம்பச் சொன்னார்." பெஞ்சில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு திரும்ப நடக்க ஆரம்பித்தார். அவருக்கு இன்னும் சில சுற்று பாக்கி இருந்தது.

ஞானகுமாரி பூங்கா வாசலில் நின்று காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். செய்தது சரியா என்று தெரியவில்லை. ஆனால் அத்தியாயத்தில் அவள் சொன்னால் அது ஒரு தையல்காரி சொன்னது; இது மேலாளரே கையெழுத்துப் போட்டது. நேரே தமிழரசுவிடம் கொடுத்துவிட்டு லோகநாயகிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, கடைசியில இல்ல, முன்னாடியே வருது. அந்த ஆபீசரே சொல்ற மாதிரி வருது."

"இன்னாடி சொல்ற? அந்தாளா?" என்று கேட்டுவிட்டு லோகநாயகி அழ ஆரம்பித்தாள்.

விழா நாள் வந்தது. புத்தகக் கட்டுகள் மைவாசனையோடு விழாவுக்குக் கொஞ்சம் முன்பாகத்தான் வந்தன. சண்முகசுந்தரம் அவற்றைப் பட்டுத் துணியால் மூடி, வெளியிடுவதற்கு முன் யாரும் பிரிக்கக் கூடாது, எழுதியவர் உட்பட என்று சொல்லிவிட்டார். மேடையில் வாழ்த்துரைக்காரர்கள் நிறைந்துவிட்டதால் ஞானகுமாரிக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். இரண்டாவது வரிசையில் லோகநாயகி. பக்கத்தில் மகள் ஜோதிகா, அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடியோடு வேம்புலியம்மாள்.

தமிழ்த்தாயில் தொடங்கி ஞானகுமாரிக்கு வந்து சேர சண்முகசுந்தரத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆயர் ஜெபித்தார். தாளாளர் தன் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைச் சொன்னார். பட்டுத் துணியை விலக்கிப் புத்தகத்தை வெளியிட்டு மேடைக்கும் முன்வரிசைகளுக்கும் பிரதி கொடுத்தார்கள்; ஓரத்து நாற்காலிவரை அது வரவில்லை. பிறகு வரதனை அழைத்தார்கள். அவர் புத்தகத்தைப் பிரித்து, பேசுவதற்கு வேறெதுவும் தயாரிக்காததால், தன் வாழ்த்துரையையே படித்தார். தன் கருத்துகளை அவர் முதல்முறையாக அறிந்துகொண்டது அப்போதுதான்.

"எங்கள் நிறுவனத்தில் பெண்கள் குடும்பத்தினர்போல் நடத்தப்பட்டனர்..."

ஞானகுமாரி நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"...எங்கள் ஊழியர் லோகநாயகி போன்ற மாதரசிகளை எண்ணி இன்றும் மகிழ்கிறேன். அன்னாரின் பணி, பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்கது..."

கைதட்டினார்கள். ஞானகுமாரி பக்கத்தில் இருந்த சண்முகசுந்தரத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா... அந்த வரி..."

"பார்த்தீர்களா?" என்று அவர் காதோரம் குனிந்தார். "கடைசி மெய்ப்பு நான்தான் பார்த்தேன். பழி, திருட்டு, வருந்துகிறேன்... வாழ்த்துரையில் அமங்கலச் சொல் வரலாமா? வரதன் பெரிய மனிதர், தன்னடக்கத்தில் ஏதோ எழுதிவிட்டார். நான் செப்பனிட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம்."

சண்முகசுந்தரம் அதோடு நிற்கவில்லை. மைக்கைப் பிடுங்கி, "அந்த லோகநாயகி அம்மையார் அரங்கில் இருக்கிறார்களா?" என்றார். ஜோதிகா தாயைத் தள்ளிவிட்டாள். லோகநாயகி எழுந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்று, யாரோ கைபிடித்து ஏற்ற மேடைக்கு வந்தாள். மிச்சமிருந்த ஒரு பொன்னாடையை வரதன் கையில் கொடுத்தார்கள். அவர் அதை அவள் தோளில் போர்த்தினார்.

"எந்தச் செக்‌ஷன்ல இருந்தீங்கம்மா?"

"காஜா, பட்டனு, சார்."

"ரொம்ப சந்தோஷம்."

"அம்மா, இப்டிப் பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்றான் போட்டோக்காரன். லோகநாயகி சிரித்தாள். ஞானகுமாரி அவளை வேனில் அத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

கீழே வேம்புலியம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வரதனின் படம் போட்ட பக்கத்தை விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்துவிட்டுப் பின்வரிசைக்காரியிடம் திரும்பி, "எங்க சம்மந்திதான்" என்றாள்.

ஏற்புரைக்கு ஞானகுமாரியைக் கூப்பிட்டபோது மண்டபத்தைக் காலிசெய்ய நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். பரவாயில்லை, மூன்று வரிதானே. அவற்றைச் சொல்லிவிடலாம் என்றுதான் மைக் முன்னால் போனாள். மனப்பாடமாக இருந்தது. வாயைத் திறந்தாள். இரண்டாவது வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த லோகநாயகி, வாணாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள். ஞானகுமாரி பார்க்காததுபோல் இருந்தாள். லோகநாயகி இன்னும் வேகமாக ஆட்டினாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எல்லாருக்கும் நன்றி" என்றாள் ஞானகுமாரி. அதற்கும் கைதட்டினார்கள். டிபன் தயார் என்று அறிவிப்பு வந்திருந்தது.

வெளியே பந்தலில் இட்லி வடை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேம்புலியம்மாள் கையில் இரண்டு தட்டு வைத்துக்கொண்டு, ஒன்றைத் தானே சம்மந்தியிடம் நீட்டினாள். "துன்னுங்க சம்மந்தி, காலைலேர்ந்து வெறும் வயிறு. ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வந்துடுங்க, கறி எடுக்கச் சொல்றேன்." லோகநாயகி தட்டை வாங்கிக்கொண்டு ஞானகுமாரியை ஓரமாக இழுத்துப்போனாள்.

"கோச்சுக்கினியாடி?"

"அக்கா, அதுல நான் அப்படி எழுதலக்கா. நீ எடுக்கலன்னு எழுதினேன். அவனுங்க மாத்திட்டானுங்க."

"தெரியுண்டி. நீ போன்ல சொன்னியே."

"அத்தியாயம் அப்படியே இருக்கு. தமிழரசு தனியா ஒரு துண்டுப் புத்தகமாப் போட்டுத் தர்றேன்னிருக்கான். இதுக்குள்ள வச்சுக் குடுத்துடலாம். இல்ல, இரண்டாம் பதிப்பு..."

"வாணாம்."

"ஏன்?"

லோகநாயகி இட்லியைப் பிட்டாள், தின்னவில்லை. "எங்க சம்மந்தி இன்னா சொன்னா தெர்தா? அவ்ளோ பெரிய ஆபீசரு சால்வ போத்தறாருன்னா, அன்னிக்கி எவனோ பொறாமைல கெளப்பி உட்டிருப்பான்னு சொல்லிட்டா. அவளே சொல்லிட்டாடி. நான் ஒண்ணுமே சொல்லல."

"அவன்தானக்கா உன்ன வேலைய உட்டு அனுப்பினான்?"

"ஆமா."

"அது தெரிய வாணாமா?"

"தெரிஞ்சா?" லோகநாயகி அவளை நேராகப் பார்த்தாள். "அந்தாளு கெட்டவன்னு ஆயிடும். கெட்டவன் போத்தின சால்வைக்கு இன்னாடி மரியாத? நாளைக்கு வாசல்ல நின்னு, பையில இன்னா கீதுன்னு மறுபடியும் கேப்பா. போட்டோவக் கண்ணாடி போட்டு மாட்டப் போறா ஜோதிகா. இனிமே அந்தாளு நல்லவன்டி எனக்கு."

எழுதும்போது இந்த வாதத்தை ஞானகுமாரி எந்தப் பிரதியிலும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"எத்தினி வருஷமாக்கா எழுதினேன்" என்றாள் கடைசியில்.

"தெரியுண்டி, கண்ணு." லோகநாயகி எச்சில் படாத கையால் அவள் முழங்கையைப் பிடித்தாள். "வீணாப் போவ வாணாம். நீ ஒண்ணு பண்ணு. அந்தக் கேட்டு விசயத்த மட்டும் எடுத்துட்டு, மீதியப் போடு."

"மீதி என்னக்கா இருக்கு?"

லோகநாயகி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பந்தலுக்குள்ளிருந்து வேம்புலியம்மாள், "சம்மந்தி, காபி ஆறிக்கினு கீது" என்று குரல் கொடுத்தாள்.

"தெர்லயேடி" என்றாள் லோகநாயகி, தட்டோடு திரும்பிக்கொண்டே. "நீதான எழுத்தாளரு. எதுனா நல்லதா எழுது."